ஓரகத்தியின் கார்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியாரில் தொடங்கிப் பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். பெரியவள் கீழ் வீட்டில் புருஷனோடும் மாமியாரோடும் இருந்தாள். சின்னவளும் அவள் புருஷனும் மாடியில். படிக்கட்டு வந்து இறங்கும் இடத்தில், பெரியவளின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, சின்னவளின் நீலக் கார் நிற்கும்.

வேண்டுமென்று யாரும் அங்கே நிறுத்தவில்லை. வாசலில் இருந்ததே அந்த ஒரு இடம்தான். ஆனால் காலையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பெரியவள் நிமிர்ந்தால், முதலில் கண்ணில் படுவது அதன் முகம். இரண்டு விளக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாட்களில் எல்லாம் அவள் அந்தக் காரைத்தான் முறைத்துக்கொண்டு நின்றிருந்தாள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெரியவளுக்குக் கடைத்தெருவில் சொந்தமாகப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கல்யாணப் படம், பட்டம் வாங்கின படம், குழந்தை கிறுக்கின யானைப் படம், எது வந்தாலும் அளந்து, மரத்தை மூலை பிசகாமல் அறுத்து, கண்ணாடி வெட்டி, பின்பக்கம் அட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுப்பாள். கண்ணாடி வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். அந்த வேலையில் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அவள் ஏதாவது கறாராகப் பேசினால் கொழுந்தன், "அண்ணி சட்டம் பேச ஆரம்பிச்சுட்டாங்க" என்று கிண்டல் செய்வான். கறாராகப் பேசாத நாள் குறைவு என்பதால் அந்தக் கிண்டலும் ஓயவே இல்லை.

கார் ஓட்டுவதில் அந்த வீட்டுக்கே அவள்தான் முன்னோடி. கல்யாணத்துக்கு முன்னால், வேறொருவர் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, சம்பளத்தை மிச்சம் பிடித்து டிரைவிங் பள்ளிக்குப் போனவள். முதல் சோதனையிலேயே தேறினாள். கூட வந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் கம்பத்தில் இடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, இவள் பின்பக்கமாக வளைத்து எடுத்துக் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியதை அதிகாரி தலையாட்டிப் பார்த்தாராம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வாய்த்த புருஷனுக்கோ கார் என்றாலே ஆகாது. அவர் லிப்ட் மெக்கானிக். "எனக்கு மேலயும் கீழயும் போனா போதும், குறுக்கால போக பைக் இருக்கு" என்பார். காருக்கு இடம் தேடணும், பெட்ரோல் போடணும், தலைவலி என்பார். பெரியவளும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். லைசென்ஸை மட்டும் விடவில்லை. காலாவதியாகும் முன்பே போய் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டு வருவாள். ஓட்டாத வண்டிக்கு எதற்கம்மா லைசென்ஸ் என்று மாமியார் கேட்டால், இருக்கட்டுமே அத்தை, சோறா கேக்குது என்பாள். ஒவ்வொரு தடவையும் அதில் ஒட்டிய படத்தில் முகத்துக்குக் கொஞ்சம் வயசு கூடியிருக்கும்.

இந்த நிலையில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். பிசியோதெரபி படித்தவள். கை கால் விழுந்தவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி கொடுப்பது அவள் தொழில். வந்த கொஞ்ச நாளிலேயே மாமியாரின் முழங்காலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அதற்கு முன் அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் பெரியவள். ஒரு மாதத்தில் மாமியார் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினார். மாடிக்குத்தான் ஏறினார். பெரியவள் அதையும் கவனித்தாள்.

வீடு வீடாகப் போக பஸ் ஒத்துவரவில்லை என்று சின்னவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். முதல் சோதனையில் தேறவில்லை. மறுபடி போனாள், மறுபடியும் தேறவில்லை. அன்று அவள் கண் கலங்கிக்கொண்டு கீழ் வீட்டுக்குள் வந்து சொன்னபோது, பெரியவள் முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். "பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டோரம் வந்துவிட்ட சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள். மறைத்துவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள்.

பிறகு சின்னவள் தேறினாள். நீலக் கார் வந்தது. தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள் என்று மாமியார் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். தன் சம்பாத்தியத்தில் கடையே வைத்திருப்பவள் உள்ளே அடுப்படியில் நிற்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவுவாள். சோப்புத் தண்ணீர் சரிந்து பெரியவளின் வாசற்படிக்கு வரும். இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெரியவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வெளியே வந்தால், அதற்குள் சின்னவள், "சாரிக்கா, இதோ துடைச்சிடுறேன்" என்று குனிந்து துடைத்துக்கொண்டிருப்பாள். திட்டுவதற்கு ஒரு சாக்குக்கூடக் கொடுக்க மாட்டாள்.

இதற்கெல்லாம் மேலே சாவி விஷயம். படிக்கட்டுச் சுவரில் ஒரு கொக்கி அடித்து, சாவியை அதில்தான் மாட்டுவாள். "அக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியும். எப்ப வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பெரியவள் சிரித்து வைத்தாள். உள்ளே ஏதோ சுருக்கென்றது. இவள் கொடுத்து நான் ஓட்டணுமா என்று அன்று முழுக்க மனசு புழுங்கியது. அந்தச் சாவியைத் தொடுவதில்லை என்று தனக்குள் ஒரு வைராக்கியம்.

அந்த வைராக்கியம் மாமியாரால் உடைந்தது. ஒரு காலை அவருக்குத் தலை சுற்றி, பேச்சுக் குழறியது. ஆண்பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். சின்னவள் பயிற்சி வகுப்புக்காக வெளியூர் போயிருந்தாள். பெரியவள் யோசிக்கவே இல்லை. சாவியை எடுத்தாள், மாமியாரைப் பின் சீட்டில் சாய்த்தாள், கிளப்பினாள். இத்தனை வருஷம் கழித்தும் கைக்கும் காலுக்கும் எல்லாம் நினைவிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இறங்கியபோதுதான் தான் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. டாக்டர், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார்.

மாமியார் தேறி வீட்டுக்கு வந்தார். பார்க்க வந்தவர்களிடம், "சின்னவ கார் மட்டும் இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல" என்றார். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். ஓட்டியவள் டம்ளர்களில் காபியோடு அங்கேயேதான் நின்றிருந்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

வெளியூரிலிருந்து திரும்பிய சின்னவள் ஓடிவந்து நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு, போகும்போது தயங்கி, இனிமேல் எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் அக்கா, நோயாளி வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் வண்டி இல்லாவிட்டால் சங்கடமாகிவிடும் என்றாள். நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்கள். பெரியவளுக்கு மட்டும் அது, உன் எல்லையில் நில் என்று காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வக்கீல் ஆபீஸ் வேலை. புதிதாகத் திறந்த வக்கீல் ஆபீஸ் ஒன்றில் சுவர் முழுக்கப் படங்கள் மாட்ட வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சட்டம் படித்தவர்களுக்கே சட்டம் போடுகிறாள் அண்ணி என்று கொழுந்தன் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆபீஸ் மேனேஜரம்மா வாட்டசாட்டமானவள், விறைப்பானவள். பெரியவளைக் கடைக்காரி என்ற அளவில்தான் வைத்துப் பேசுவாள்.

கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளன்று பேசிவைத்த வாடகை வேன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கடையில் இடம் போதாமல் படங்களை வீட்டுக் கூடத்தில்தான் அடுக்கிவைத்திருந்தாள். மதிய வெயிலில் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கார் நின்றிருந்தது. காலையிலேயே வேலை முடித்து வந்த சின்னவள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். படியேறிக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கேட்டால் உடனே கொடுப்பாள். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எடுத்துக்கோங்கக்கா" என்று அவள் சொல்வதும், தான் "தேங்க்ஸ்மா" என்று சொல்வதும் கண்முன் ஓடியது. கொக்கியிலிருந்து சாவியை எடுத்தாள். சத்தம் வராமல் எடுத்தாள்.

படங்களைப் போர்வையில் சுற்றிப் பின்னால் அடுக்கினாள். சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்தினாள். முன்னால் சின்னவளின் கறுப்புக் கண்ணாடி கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பயத்தில் ஓட்டினாள். இன்று அப்படி இல்லை. சிக்னலில் நிற்கும்போது ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டாள். கடைத்தெரு வழியாகச் சுற்றிப் போனால் தூரம் அதிகம், ஆனாலும் அப்படியே போனாள். தையல்கடைக்காரர் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் அந்தக் கார் அவளுடையது.

வக்கீல் ஆபீஸ் வாசலில் மேனேஜரம்மா யாரையோ வழியனுப்ப நின்றிருந்தாள். பெரியவள் இறங்குவதைப் பார்த்ததும் முகமே மாறியது.

"அட, உங்க காரா? சொல்லவே இல்லையே."

"ம். கொஞ்ச நாளாச்சு" என்றாள் பெரியவள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேனேஜரம்மா முதல் தடவையாக அவளை உள்ளே உட்காரவைத்து டீ வரவழைத்தாள். பிசியோதெரபிக்காரி தினமும் அனுபவிப்பது இதுதானா என்று பெரியவள் அந்த டீயை நிதானமாகக் குடித்தாள். படங்களை எல்லோரும் பாராட்டினார்கள். அவள் காதில் பாதிதான் விழுந்தது. வெளியே வந்து காரில் ஏறும்போது மேனேஜரம்மாவும் வாசல் வரை வந்தாள்.

பின்பக்கமாக எடுக்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று பெரியவள் ஒரே வீச்சில் வளைத்து எடுக்கப் பார்த்தாள். டமார் என்று ஒரு சத்தம். கண்ணாடி நொறுங்கும் சத்தத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? பின்னால் நின்றிருந்த வெள்ளைக் காரின் விளக்கு போய்விட்டது. அதன் கதவும் உள்ளே ஒடுங்கியிருந்தது. நீலக் காரின் பின்பக்க மூலை மடங்கித் தொங்கியது.

வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் மெத்தைக் கடை முதலாளி. ஏதோ வழக்கு விஷயமாக வந்தவர். சத்தம் கேட்டு ஓடிவந்தார். அவர் கத்தவில்லை. அடி கிடி இல்லையே என்று கேட்டார், பிறகு இன்சூரன்ஸ் பேப்பரைக் கொடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெரியவள் டாஷ்போர்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, இந்தப் பேர் உங்களுடையதா என்று கேட்டார்.

மேனேஜரம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். 

"இல்ல. இது என் ஓரகத்தி வண்டி."

 மேனேஜரம்மா கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். அது போதுமானதாக இருந்தது.

அதற்குள் வக்கீல்கள் வெளியே வந்துவிட்டார்கள். கேஸ் வாசலுக்கே வந்துவிட்டதே. இன்சூரன்ஸ் எடுத்தவர் ஓட்டவில்லை என்றால் கம்பெனி கையை விரித்துவிடும் என்றார் ஒருவர். இன்னொருவர், அதெல்லாம் இல்லை, இன்சூரன்ஸ் வண்டியோடு போகும், ஆளோடு போகாது என்றார். மூன்றாமவர், பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் குறித்திருந்தால் அவர்களைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது, எதற்கும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைத் தேடப் போனார். மெத்தைக்கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர்களிடமா என் வழக்கைக் கொடுத்திருக்கிறேன் என்பதுபோல நின்றார்.

கடைசியில் பெரியவளே பாலிசியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாக விளக்கினாள். இந்தப் பாலிசியில் ஓட்டுபவர்களின் பெயர் எதுவும் குறிக்கவில்லை, அதனால் சொந்தக்காரர் சம்மதத்தோடு யார் ஓட்டினாலும் செல்லும். ஓட்டியவருக்கு லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். ஓட்டியவர் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிறதா லைசென்ஸ் என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் பெரியவள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் நிமிர்ந்தது.

"ஓனர் சம்மதத்தோடதானே மேடம் எடுத்தீங்க?"

  சொந்தக்காரரையே பேசச் சொல்கிறேன் என்று பெரியவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்து அவள் செய்ய வேண்டியிருந்த போன்தான் பெரிது. தூக்கக் கலக்கத்தில் எடுத்த சின்னவளிடம், "நான் உன் காரை எடுத்துட்டு வந்து இடிச்சுட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.  எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் சின்னவள் கேட்டாள்.

டாக்சியில் வந்து இறங்கினாள் சின்னவள். தலைகூடச் சீவவில்லை. நேராகப் பெரியவளிடம் வந்து அவள் கழுத்தை, தோளைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கிறதா, தலையைத் திருப்புங்கள், இந்தப் பக்கம் என்றாள். அவள் தொழில் அது. ஆனால் அத்தனை பேர் பார்க்கத் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்ற பெரியவளுக்கு அழுகை முட்டியது. திட்டமாட்டாளா என்றிருந்தது. நல்லவளாக இருப்பதிலும் இவளே முதலில் வந்துவிடுகிறாளே என்று அந்த நிலையிலும் வயிறு எரிந்தது.

சின்னவள் கம்பெனிக்குப் போன் செய்து பேசினாள். ஆமாம், என் வண்டிதான். ஓட்டியது என் ஓரகத்தி. பிறகு ஒரு கேள்விக்கு, "நான்தான் குடுத்தேன்" என்றாள். மெத்தைக்கடைக்காரரிடம் நம்பர் கொடுத்தாள், எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றாள். தொங்கிய பாகத்தை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு ஓட்டுபவர் சீட்டில் ஏறினாள். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்ட அந்தச் சத்தம்கூட அவளைக் குத்தியது.

பெட்ரோல் பங்க் பக்கமாகச் சின்னவள் வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். 

"நான் சொல்லாமத்தானே எடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்னு சொன்ன?" என்று பெரியவள் கேட்டாள்.

"வேற என்ன சொல்றது? சாவி எங்க இருக்குன்னு காட்டினதே நான்தான். எப்ப வேணும்னாலும் எடுங்கன்னு சொன்னதும் நான்தான்." சின்னவள் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா என்னை எழுப்பியிருக்கலாம்க்கா."

"எழுப்பப் பிடிக்கல."

"ஏன்?"

"எழுப்பினா நீ குடுத்திருப்ப."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் நினைத்ததுபோல அவள் குழம்பவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்டதுபோல இருந்தது அவள் முகம்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க இடிச்சுட்டேன்னு சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு குரல்லயே தெரிஞ்சுது. உடனே, பெரியவங்களும் இடிச்சுட்டாங்கன்னு சந்தோஷம். நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல கேக்கறது அதானே. முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினவ, ரிவர்ஸ்ல கோட்டுக்குள்ள நிறுத்தினவ. அத்தை சொல்வாங்க, அவர் சொல்வார், உங்க வீட்டுக்காரரும் சொல்வார். நான் ரெண்டாவது தடவை தோத்துட்டு வந்து நின்னப்ப நீங்க சிரிச்சீங்க. நான் பாத்தேன்."

பெரியவளுக்குக் காது சூடாகிவிட்டது. அத்தை சொல்வார்களா? தன்னைப் பற்றியா? இத்தனை வருஷம் ஒரு வார்த்தை தன் காதுபட விழுந்ததில்லையே. மாடியில் ஒருத்தியின் புகழ், கீழே இன்னொருத்தியின் புகழ் என்று அந்த அம்மாள் மாற்றிப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சிரிச்சேன்" என்றாள் பெரியவள். 

"இந்தக் காரை வாங்கி ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். ஓட்டத் தெரிஞ்சதால இல்ல. கீறினா நீங்க ஜன்னல்லேர்ந்து பாப்பீங்களேன்னு பயம்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு கோபமாகவே, "க்ளெய்மே கேக்காதவங்களுக்குப் பிரீமியத்துல தள்ளுபடி உண்டு. அதுவும் போச்சு" என்றாள்.

அந்தக் கோபம் பெரியவளுக்கு இதமாக இருந்தது. வந்த நாள் முதல் அவளிடமிருந்து கிடைத்தவற்றிலேயே தனக்குப் புரிகிற முதல் விஷயம் அதுதான் என்று பட்டது. அவள் ஆறுதல் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இருவரும் கொஞ்ச நேரம் பங்க்கில் வண்டிகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

சில நாட்களில் கம்பெனியிலிருந்து சர்வேயர் சேதத்தைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அவர் சம்மதம் பற்றிக் கேட்டபோது சின்னவள் வாயைத் திறக்கும் முன் பெரியவள் முந்திக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று இவள் பலமுறை சொல்லியிருக்கிறாள், எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள், அன்றைக்கு நான் சொல்லவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். நேர்மைக்காக மட்டும் அவள் சொல்லவில்லை. சின்னவளின் பொய்யில் தான் நிற்பதாக இருக்கக் கூடாது என்ற பிடிவாதமும் அதில் இருந்தது. சர்வேயர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள், "சாவி எல்லாருக்கும் தெரியிற இடத்துலதான் இருக்கும். அவங்க எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. சொல்லுங்கன்னது நேரம் தெரிஞ்சுக்கத்தான்" என்றாள். வீட்டு ஆள், பொதுவான சம்மதம், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறது, போதும் என்று அவர் எழுதிக்கொண்டார். அவர் அவசரமெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போவதில் இருந்தது.

மெத்தைக்கடைக்காரரின் காரைக் கம்பெனி சரிசெய்து கொடுத்தது. நீலக் காருக்கும் பெரும்பகுதி வந்தது. சொந்தக்காரர் கையிலிருந்து போட வேண்டிய பங்கு ஒன்று இருந்தது. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும் அக்கா என்று சின்னவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். பெரியவள் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். பரவாயில்லை, இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சின்னவள் வாங்கிக்கொண்டதில் அவளுக்கு அத்தனை திருப்தி.

மாமியார் மட்டும் மாறவில்லை. பெரியவள் இடித்தாள், சின்னவள் காப்பாற்றினாள் என்று கீழே வருகிறவர்களிடம் சொன்னார். மாடிக்குப் போய் என்ன சொல்கிறார் என்று இப்போது பெரியவள் சின்னவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். வக்கீல் ஆபீஸ் மேனேஜரம்மா அடுத்த ஆர்டரும் கொடுத்தாள், வேலை சுத்தமாக இருந்ததே. ஆனால் போகும்போதெல்லாம், "ஓரகத்தி எப்படி இருக்காங்க?" என்று விசாரிக்கத் தவறுவதில்லை. அந்தக் கேள்வியைப் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள்.

காரை அவள் அதன் பிறகும் ஓட்டினாள். கண்ணாடி வாங்கப் போக, படம் கொண்டுபோய்க் கொடுக்க என்று தேவை இருந்துகொண்டே இருந்தது. மாடிப்படியில் நின்று, எடுத்துக்கட்டுமா என்று கேட்பாள். சில நாள் சின்னவள் சரி என்பாள். சில நாள், இன்னைக்கு வேண்டாம்க்கா, எனக்கு வேலை இருக்கு என்பாள். வேண்டாம் என்று சொன்ன நாளில் பெரியவள் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போவாள்.

பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. போன மாதம் சின்னவளுக்கு ஒரு பெரிய விளையாட்டுக் கிளப்பில் நிரந்தர வேலை கிடைத்தது. செய்தி சொல்ல இறங்கி வந்தாள். பெரியவள் அப்போது சட்டத்தின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனியவில்லை. நேராகப் பார்த்து, "எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டுச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்குப் போக வேண்டும், அங்கே வருகிற ஆட்டக்காரர்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். பெரியவளும் ஒன்று விடாமல் கேட்டாள்.